சொல் விளக்கம்: ஸ்டேட்டஸ் செக்

ஒரு சர்வர் (மற்றக் கணினிகள் கேட்பதைக் கொடுக்கும் கணினி) இந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் ஸ்டேட்டஸ் செக். நிரல் எழுதும் ஏஐ ஏஜென்டுகளுக்குக் கொடுக்கப்படும் கருவிகளில் இப்போது இதுவும் சேர்ந்திருக்கிறது. ஏஜென்ட் கருவியை அழைக்கும், கருவி சர்வரிடம் கேட்டுப் பதிலைக் கொண்டுவரும். இந்தக் கருவிக்குத் தமிழில் ஆவணம் எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே சொல் தகராறு தொடங்கிவிடுகிறது.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு ‘ஸ்டேட்டஸ்’ புதிதில்லை. அரசாங்க உதவிக்கு மனுச் செய்துவிட்டு இணையத்தில் ‘செமாக் ஸ்டேட்டஸ்’ பொத்தானை அமுக்கிக் காத்திருந்தவர்கள் நம் வீடுதோறும் உண்டு. ‘செமாக்’ மலாய்ச் சொல், சரிபார் என்று பொருள். ‘ஸ்டேட்டஸ்’ லத்தீன். நிற்பதைக் குறிக்கும் ‘ஸ்டாரே’ என்ற வினையிலிருந்து பிறந்தது. நம் ‘நிலை’யும் ‘நில்’ என்ற வினையிலிருந்து வந்ததுதான். இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே வழியில் போயிருக்கின்றன.

‘செக்’கின் கதை இன்னும் சுவையானது. பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசர். சதுரங்கத்தில் அரசருக்கு ஆபத்து என்று எச்சரிக்கும் கூவலாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், தடுத்து நிறுத்துவது, கட்டுப்படுத்துவது, சரிபார்ப்பது என்று பொருள் விரிந்தது. வங்கியில் நாம் கொடுக்கும் செக்கும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் உடனே எழுதுவது ‘நிலைச் சோதனை’. எனக்கு இது பிடிக்கவில்லை. நிரல் உலகில் ‘சோதனை’ என்ற சொல், எழுதிய நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டுக்குப் போய்விட்டது. ‘சர்வரைச் சோதித்துப் பார்’ என்று தமிழில் கட்டளை கொடுத்தால், ஏஜென்ட் நிலவரம் கேட்பதா, டெஸ்ட் கோப்புகளை எல்லாம் ஓட்டுவதா? மனிதராக இருந்தால், “அண்ணே, எதைச் சொல்றீங்க?” என்று திருப்பிக் கேட்பார். ஏஜென்டோ பல நேரம் தானாகவே ஒன்றை முடிவுசெய்து வேலையைத் தொடங்கிவிடும். எந்தக் கருவியை எடுப்பது என்பதை அது கருவியின் பெயரையும் விளக்கத்தையும் படித்துத்தான் தீர்மானிக்கிறது. அங்கே இருக்கும் ஒவ்வொரு சொல்லும் கட்டளை மாதிரி.

என் ஓட்டு ‘நிலவரம்’ என்ற சொல்லுக்கு. ஃபெடரல் நெடுஞ்சாலையில் போக்குவரத்து நிலவரம், சந்தை நிலவரம், தேர்தல் நிலவரம் என்று நாம் அன்றாடம் கேட்கும் சொல். ‘நிலை’ என்றால் நீடித்து இருப்பதும் ஆகலாம். ‘நிலவரம்’ என்றால் இப்போதைய நிலை, அடுத்த அரை மணியில் மாறக்கூடியது. கருவி கொடுக்கும் பதிலும் அப்படித்தான். ஆகவே பதிலோடு நேரத்தையும் சேர்த்துத் தரவேண்டும். இல்லாவிட்டால் ஏஜென்ட் பழைய பதிலை வைத்துக்கொண்டே வேலையைத் தொடரும். ஆவணத்தில் விளக்கத்தை இப்படி எழுதலாம்:

“கொடுத்த சர்வரின் இப்போதைய நிலவரத்தை, பார்த்த நேரத்தோடு தரும். எதையும் மாற்றாது, சர்வரை மறுதொடக்கம் செய்யாது. டெஸ்டுகளை ஓட்ட இதைப் பயன்படுத்தாதே.”

அந்தக் கடைசி வரி பலர் எழுத மறப்பது. எதற்கு அழைக்கக்கூடாது என்பதும் ஏஜென்டுக்குத் தெரியவேண்டும்.

அப்புறம், பதிலில் வரும் சொற்கள். ஆங்கிலத்தில் ‘அப்’, ‘டவுன்’, அதாவது நிமிர்ந்திருக்கிறது, விழுந்துவிட்டது என்கிற மாதிரி இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதைப் பார்த்து ‘சர்வர் நிற்கிறது’ என்று எழுதினால் கதை கந்தல். தமிழில் பஸ் நிற்கிறது என்றால் ஓடவில்லை என்று அர்த்தம். ‘இயங்குகிறது’, ‘முடங்கிவிட்டது’ என்பவை குழப்பமில்லாதவை. இவற்றோடு ‘தெரியவில்லை’ என்பதும் கட்டாயம் வேண்டும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் சர்வர் முடங்கியதாக ஆகாது. இடையில் உள்ள நெட்வொர்க்கோ, இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலோ காரணமாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தை ஆவணம் சொல்லாவிட்டால், நன்றாக ஓடும் சர்வரை ஏஜென்ட் மறுதொடக்கம் செய்ய முயலும்.

இன்னொரு நுணுக்கம். உயிரோடு இருப்பதும் வேலைக்குத் தயாராக இருப்பதும் ஒன்றல்ல. கன்டெய்னர் எனும் பெட்டிகளில் ஓடும் நிரல்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் என்ற மென்பொருள் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. உயிர் இல்லை என்று பதில் வந்தால் கன்டெய்னரை மறுதொடக்கம் செய்யும். தயாராக இல்லை என்றால் அதற்கு வேலை அனுப்புவதை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். ஏஐ செயலிகளைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற நெறிமுறையில் ‘பிங்’ என்று ஒரு வசதி உண்டு. அதற்கு வரும் பதில் வெறுமையானது. இணைப்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. ஒரு கணினி நெட்வொர்க்கில் எட்டுகிறதா என்று பார்க்க 1983இல் மைக் மூஸ் எழுதிய பிங் நிரலின் பெயர்தான் இது. நீர்மூழ்கியைத் தேடும் சோனாரின் ஒலியைக் கேட்டு அவர் வைத்த பெயர். பிங்கை ஸ்டேட்டஸ் செக் என்று ஆவணத்தில் எழுதுவது தவறு.

‘சர்வர்’ என்ற சொல்லை நான் மாற்றவில்லை. ‘வழங்கி’ நல்ல சொல்தான், எழுத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். மலாயில் இதற்கு ‘பெலாயான்’ என்கிறார்கள், உணவகத்தில் பரிமாறுகிறவருக்கும் அதே சொல்தான். ஆனால் நம் அலுவலகங்களில் எல்லாரும் சர்வர் என்றே பேசுகிறார்கள், ஏஜென்டிடமும் அப்படித்தான் தட்டச்சு செய்வார்கள். ஆகவே பெயராக ‘சர்வர் நிலவரம்’, கட்டளையாக ‘சர்வர் நிலவரம் பார்’.