மரை எண்ணிப் பூட்டினால் அலைன்மெண்ட் ஆகிவிடாது

போன வாரம் தேவகோட்டைப் பக்கமிருந்து எங்கள் காரைக்குடிப் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. புதிதாகப் போட்ட முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருந்தன. கீழே படுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் புது டை ராடு எண்ட், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனை மூட்டு. இடது பக்கத்தில் நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னே இல்லை. நட்டைக் கையால் திருக முடிந்தது. அந்தக் காரில்தான் தினமும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

வீட்டிலேயே மாற்றியதாம். கேட்டால், எல்லாரும் சொல்லும் அதே பதில்: “மரை எண்ணித்தான் அண்ணே கழற்றினேன், அதே எண்ணிக்கையில் பூட்டிவிட்டேன். அப்புறம் அலைன்மெண்ட் எதுக்கு?”

அலைன்மெண்ட் என்றால் சக்கரங்கள் நிற்கும் கோணத்தை அளந்து சரிசெய்வது. மரை எண்ணுவது என்றால் பழைய எண்ட் எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றே புதுசைப் பூட்டுவது. அப்படி எண்ணுவதில் தப்பில்லை. பட்டறை வரைக்கும் வண்டியை மெதுவாக ஓட்டி வர அது போதும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். பழைய எண்டும் புது எண்டும் ஒரே நீளம் என்று யார் சொன்னது? தயாரிப்பு மாறினால் நீளமும் கொஞ்சம் மாறலாம். பழையதில் உள்ளே இருக்கும் உருண்டை தேய்ந்து ஆட்டம் இருந்தது, அதனால்தானே மாற்றினீர்கள்? ஆட்டமில்லாத புதுசுக்குப் பழைய எண்ணிக்கை எப்படிப் பொருந்தும்? நிறைய கார்களில் எண்டை ஒரு சுற்று திருகினால் 1.5 மி.மீ. நகரும். எண்ட் பிடித்துத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்ம் குட்டை, சக்கரம் பெரிது. அதனால் ரிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் இடையே அது ஏறக்குறைய 4 மி.மீ. வித்தியாசம் ஆகிவிடும். சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் இந்த டோ அளவில் நாங்கள் சரிசெய்வதே பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர்தான். அரைச் சுற்று பிசகினாலே போதும்.

“நேராத்தானே ஓடுது” என்பார்கள். ஓடும். இரண்டு சக்கரமும் சமமாக வெளியே திரும்பியிருந்தால் வண்டி எந்தப் பக்கமும் இழுக்காது. டயரைத் தரையில் தேய்த்துக்கொண்டே நேராகப் போகும். தேவகோட்டைக் காரில் நடந்தது அதுதான்.

ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கிறதே என்று வீலையே கழற்றித் திருப்பி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

நம் பக்கத்தில் ஊருக்கு வரும்போது மட்டும் எடுக்கிற கார்கள் அதிகம். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். எண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) காய்ந்து வெடித்துவிடும். வெடிப்பு வழியே செம்மண் தூசியும் மழைத்தண்ணீரும் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும். கிலோமீட்டர் ஓடவில்லையே என்று பார்க்காமல் விடாதீர்கள். எடுக்கும் முன் அந்த ரப்பர் உறையைப் பாருங்கள்.

வீட்டில்தான் மாற்றுவேன் என்றால் இதையாவது செய்யுங்கள். செம்மண் தரையில் ஜாக்கி புதையும், அடியில் கெட்டியான பலகை வையுங்கள். ஸ்டாண்டு கொடுக்காமல் வண்டிக்கு அடியில் கையைக்கூட விடக் கூடாது. எண்டைக் கழற்றப் புல்லர் என்ற இழுக்கும் கருவியை வாங்குங்கள். சுத்தியலால் போல்ட் முனையில் அடித்தால் மரை நசுங்கும். எண்டின் கூம்பு வடிவ போல்ட் உட்காரும் துளையைத் துடையுங்கள், அங்கே கிரீஸ் வேண்டாம். நட்டின் முறுக்கு அளவு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருப்பதையே வையுங்கள். அந்த அளவுக்கு முறுக்கிய பிறகு காட்டர் பின் போகும் துளை நேராக வரவில்லையா? நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். காட்டர் பின் புதுசாகத்தான் இருக்க வேண்டும். காட்டர் பின் இல்லாமல், உள்ளே நைலான் வளையம் வைத்த நட் வந்திருந்தால் பழைய நட்டைத் திரும்பப் போடக் கூடாது. கம்பியின் உள்முனை மூட்டான ரேக் எண்ட், சக்கரத்தைக் கீழே தாங்கும் பால் ஜாயிண்ட் இரண்டையும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

மாற்றிய அன்றைக்கே அலைன்மெண்ட் பாருங்கள். அது முடிந்ததும் எண்ட் சுழலாமல் பிடிக்கும் செக் நட் இறுகியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று கேளுங்கள், நாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம். திருப்பத்தில் சத்தம் வந்தாலோ ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரிந்தாலோ ஓட்டி வரவே வேண்டாம். போன் பண்ணுங்கள், நாங்களே வந்து பார்க்கிறோம்.