நார்வேயில் மலைநடையா? இறங்கும் வழியைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்

ஆஸ்லோவில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் முழங்கால் வலி என்று வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். எல்லாம் கோடை விடுமுறையில் மலைநடை போய் வந்தவர்கள். இவர்களில் வழுக்கி விழுந்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு விபத்து எதுவும் நடக்கவில்லை. நன்றாக ஏறியிருக்கிறார்கள், உச்சியில் படம் எடுத்திருக்கிறார்கள், அப்புறம் இறங்கியிருக்கிறார்கள். அந்த இறக்கத்தில்தான் வலி தொடங்கியிருக்கிறது.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை, அண்ணன் குடும்பத்தை எங்கே அழைத்துப் போகலாம் என்று நண்பர்களும் கேட்பார்கள். "எந்த இடம் ரொம்ப அழகு?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. நார்வேயில் அந்தக் கேள்வியால் பயனில்லை. எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்கினாலும் அழகுதான். கேட்க வேண்டியவை வேறு இரண்டு. அங்கிருந்து எப்படி இறங்குவது? பாதி வழியில் முடியாமல் போனால் எப்படி வெளியே வருவது? இவற்றுக்குப் பதில் தெரியாமல் விடுதிக்குப் பணம் கட்டாதீர்கள்.

ட்ரோல்துங்காவை எடுத்துக்கொள்வோம். ஏரிக்கு மேலே சுமார் 700 மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. நார்வே என்றதும் பலருடைய போனில் இருக்கும் படம் அதுதான். ஷெக்கெடால் கார் நிறுத்தத்திலிருந்து அங்கே போய்த் திரும்ப சுமார் 27 கிலோமீட்டர். 800 மீட்டர் ஏற்றம். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மேலே இன்னொரு கார் நிறுத்தம் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கினால் தூரம் 20 கிலோமீட்டராகக் குறையும், செங்குத்தான பகுதியையும் பெருமளவு தவிர்க்கலாம். ஆனால் அங்கே இடம் கொஞ்சம், முன்பதிவு வேண்டும். கீழேயிருந்து போகிறவர்களுக்கு உண்மையான சோதனை பாறையில் இல்லை, கடைசி ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது. கால் ஏற்கெனவே தளர்ந்த நேரத்தில்தான் பெரிய இறக்கம் வருகிறது.

இறக்கம் ஏன் இப்படிப் படுத்துகிறது? ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. மூச்சு வாங்கும், வியர்க்கும், ஆனால் தசைக்குப் பெரிய சேதம் இல்லை. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும், வண்டியில் பிரேக் செய்கிற வேலை. இந்த வேலைக்குப் பழகாத தசை நார்களில் நுண்ணிய சிதைவு ஏற்படும். வலி அன்றைக்கே தெரியாது. மறுநாள் தொடங்கி இரண்டு, மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வரும். தசை களைத்துப்போனால் அது தாங்க வேண்டிய சுமையில் ஒரு பங்கு முழங்கால் சில்லுக்கும் அதன் பின்னால் இருக்கும் மூட்டுக்கும் போகும். முதல் நாளே பெரிய மலை ஏறிவிட்டு, மீதி விடுமுறையை விடுதி வரவேற்பறையில் கழித்தவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

இதில் நம்மவர்கள் நிறையப் பேர் ஏமாறுவது ஓரிடத்தில். "நான் தினமும் பத்தாயிரம் காலடி நடக்கிறேன், எனக்கென்ன?" என்பார்கள். பத்தாயிரம் அடி மிக நல்ல பழக்கம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் சமதளத்தில் எவ்வளவு நடந்தாலும் இறங்கும் தசைக்குப் பயிற்சி கிடைப்பதில்லை. ஒரு மாடியை 3 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 800 மீட்டர் இறக்கம் என்பது 260 மாடிக்கு மேல். ஆகவே நான் வழக்கமாகச் சொல்லும் பயிற்சி கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும்: லிஃப்டில் ஏறுங்கள், படியில் இறங்குங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பயணத்துக்கு எட்டு வாரம் முன்பிருந்தாவது. முழங்காலில் ஏற்கெனவே தேய்மானம் இருப்பவர்கள் தாங்களாகத் தொடங்காமல், பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு அவர் சொல்லும் அளவில் செய்யுங்கள். இரண்டு கையிலும் நடைக்கோல் இருந்தால் இறக்கத்தில் முழங்கால் சுமை குறையும். ஒரே கோல் போதும் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது இடங்களுக்கு வருவோம்.

நார்வே மலைகளில் வழி தவறாமல் நடக்க முடிவதற்குப் பெரும் காரணம் டி.என்.டி. என்று எல்லோரும் சொல்லும் மலைநடைச் சங்கம். 1868-இல் தொடங்கியது. பாறைகளிலும் கற்குவியல்களிலும் சிவப்பு நிறத்தில் T என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட மலைவிடுதிகளும் அவர்களுடையவை. சிலவற்றில் ஆள் இருந்து சமைத்துப் போடுவார்கள். சிலவற்றில் அலமாரியில் உணவுப் பொருள் இருக்கும், நாமே எடுத்துச் சமைத்துக் கணக்கு எழுதிவிட்டுப் பணம் கட்ட வேண்டும். சிலவற்றில் படுக்கையும் அடுப்பும் மட்டும்தான். பெற்றோரோடு போகிறவர்கள் முதல் வகையை மட்டும் பாருங்கள். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அந்தச் சிவப்பு T தவிர, பாதை எவ்வளவு கடினம் என்று காட்டவும் நிறம் உண்டு. பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு அனுபவசாலிகளுக்கு. நம் ஊர்ச் சாலைகளில் மட்டும் நடந்து பழகியவருக்கு நீலமே ஒரு முழு நாள் வேலை. பலகைகளிலும் வரைபடங்களிலும் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் ஓய்வு எடுக்காமல் நடக்கும் நேரம். அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் கூட வந்தால் இரண்டால்.

வயதும் உடல்நிலையும் கலந்த ஒரு குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது ரொன்டானே. 1962-இல் அமைந்த, நார்வேயின் முதல் தேசியப் பூங்கா அது. ஆஸ்லோவிலிருந்து ட்ரொன்ட்ஹைம் போகும் ரயிலில் ஒட்டா நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து வண்டியில் மலைமேல் போனால் ஸ்ப்ராங்கெட் என்ற கார் நிறுத்தம், அதிலிருந்து ரொண்ட்வாஸ்பு விடுதிக்குச் சுமார் 6 கிலோமீட்டர், கார் போகாத மண்சாலை, கிட்டத்தட்ட சமதளம். அறுபது வயதுக்கு மேற்பட்ட, முழங்கால் தேய்மானம் உள்ள பலர் அந்த வழியில் நிம்மதியாக நடக்க முடியும். முடியவில்லை என்றால் வந்த வழியே திரும்பலாம், ஏறி இறங்க எதுவும் இல்லை. விடுதி ஏரிக்கரையில் இருக்கிறது. மறுநாள் காலை, பலம் உள்ளவர்கள் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றுக்குப் போகலாம், மற்றவர்கள் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வரலாம், கோடையில் படகும் ஓடும். மாலையில் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். குடும்பத்தில் ஒருவருடைய வேகத்துக்காக மற்றவர் வருந்த வேண்டியதில்லை. இதைவிட நல்ல அமைப்பை நான் இந்த நாட்டில் அதிகம் பார்த்ததில்லை.

ரொன்டானேவைச் சொல்ல இன்னொரு காரணம் மழை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குப் பக்க மலைகளில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. மேற்குக் கரை நகரமான பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைகளைத் தாண்டி உள்ளே ஷோக் என்ற ஊரில் வெறும் 300 மில்லிமீட்டர் அளவுதான். ரொன்டானேவும் அந்த மழை மறைவில்தான் இருக்கிறது. படங்களில் வரும் ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே வரும் கடல், எல்லாம் மேற்கில். நனைந்த பாறையில் இறங்குவது எப்படி இருக்கும் என்பதைப் படம் சொல்லாது. நான்கைந்து நாள்தான் விடுமுறை, அதில் மூன்று நாள் மழை என்றால் யாராக இருந்தாலும் மழையிலேயே கிளம்பிவிடுவார்கள், போட்ட பணம் அப்படி. குறுகிய விடுமுறை என்றால் கிழக்குப் பக்கம் தங்குங்கள். ஃபியோர்டைப் படகிலும் ரயிலிலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹர்டங்கர்விடா பீடபூமியும் கால்களுக்கு இதமான இடம். பெரும்பகுதி 1,100 மீட்டருக்கு மேலே அலை அலையாகக் கிடக்கும் வெளி. அதன் வடக்கு ஓரத்தில் ஆஸ்லோ–பெர்கன் ரயில் பாதையில் ஃபின்ஸே என்ற நிலையம், 1,222 மீட்டர் உயரத்தில். அங்கே பொதுச் சாலை கிடையாது, ரயிலில்தான் போக வேண்டும். அதுவே வசதியும்கூட. ஒரு நாள் நடந்து பாருங்கள், சரிப்படவில்லை என்றால் அடுத்த ரயிலில் கிளம்பலாம். ஒன்று கவனியுங்கள்: திறந்த வெளி, மரம் இல்லை, காற்றை மறைக்க எதுவும் இல்லை. ஜூலையிலும் கம்பளித் தொப்பியும் கையுறையும் வேண்டும். பருத்தி உள்ளாடை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு குளிரும், கம்பளியில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபின்ஸேயிலிருந்து அவுர்லான்ட் பள்ளத்தாக்கு வழியாக மூன்று நான்கு நாள் நடந்து ஃபியோர்டுக்கு இறங்கும் வழி ஒன்று உண்டு. "முழுக்க இறக்கம்தானே, சுலபம்" என்று பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு சொன்ன பிறகு அதைப் பற்றி நான் என்ன நினைப்பேன் என்று உங்களுக்கே தெரியும். நார்வேயின் அருமையான நடைகளில் அதுவும் ஒன்று, ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கும் தொடைகள் உள்ளவர்களுக்கு.

யோதுன்ஹைமென் மலைப்பகுதியில் உள்ள பெஸ்ஸேகன் மலைமுகடு திசையின் முக்கியத்துவத்தைக் காட்டும் இடம். சுமார் 14 கிலோமீட்டர், உச்சி 1,743 மீட்டர். காலையில் யெண்டெ ஏரியில் படகில் மெமுருபு விடுதிக்குப் போய், அங்கிருந்து திரும்பி நடப்பதுதான் பலரும் செய்வது. அதற்கு இரண்டு நியாயம். குறுகலான, செங்குத்தான முகட்டில் இறங்காமல் ஏறுவீர்கள். மாலைப் படகைப் பிடிக்க ஓட வேண்டியதும் இல்லை. ஆனாலும் கடைசியில் 700 மீட்டருக்கு மேல் இறக்கம் காத்திருக்கிறது. உயரம் கண்டால் தலைசுற்றுகிறவர்களை அங்கே அழைத்துப் போகவே வேண்டாம்.

லொஃபோட்டன் தீவுகளில் ரெய்னெபிரிங்கன் என்று ஒரு குன்று, 448 மீட்டர். நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள் அங்கே கற்படி கட்டியிருக்கிறார்கள், கிட்டத்தட்ட இரண்டாயிரம் படி. "படி இருக்கிறதே" என்று முழங்கால் வலிக்காரர்கள் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். படி இறங்குவதுதான் அவர்களுக்கு மிகவும் வலிக்கும் வேலை. வடக்கே கோடையில் சூரியன் மறையாததால் இரவு பத்து மணிக்கும் நடக்கலாம் என்று தோன்றும். வெளிச்சம் இருப்பதால் உடலின் களைப்பு தீர்ந்துவிடாது. தூக்கம் கெட்டால் மறுநாள் கால் இடறும்.

தேதி பற்றி ஒரு முக்கியமான விஷயம். நம் ஊர்ப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. அந்த மாதங்களில் நார்வேயின் உயரமான மலைகள் பனிக்கடியில் கிடக்கும். ஜூன் கடைசியிலும் பல கணவாய்களில் பனி இருக்கும். ஆறுகளைக் கடக்கப் போடும் கோடைப் பாலங்களைப் பனி உருகிய பிறகுதான் வைப்பார்கள், இலையுதிர் காலத்தில் எடுத்துவிடுவார்கள். ஆள் இருக்கும் மலைவிடுதிகளும் பெரும்பாலும் ஜூன் கடைசியில் திறந்து செப்டம்பரில் மூடுகின்றன. மேலே சொன்ன மலைநடை எல்லாம் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைக்கும்தான். மே மாதம்தான் வர முடியும் என்றால் மலையை விட்டுவிட்டு ஹர்டங்கர் ஃபியோர்டு ஓரத்துக்குப் போங்கள், ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும், கீழ்வழிகளில் நடக்கலாம்.

எங்கே போவதாக இருந்தாலும் முதலில் ஆஸ்லோவில் ஒரு வெள்ளோட்டம் செய்யுங்கள். மெட்ரோவில் ஃப்ரொக்னர்சேட்டரன் வரை போய், காட்டு வழியில் உல்லவோல்சேட்டர் நடந்து, அங்கே காபி குடித்துவிட்டு சொங்ன்ஸ்வான் ஏரிக்கு இறங்கி மீண்டும் மெட்ரோ பிடிக்கலாம். மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர். இந்தக் காட்டில் குறியின் நிறம் கடினத்தைக் காட்டாது: கோடைப் பாதைக்கு நீலக் குறி, சிவப்புக் குறி பனிச்சறுக்குக்கு. மறுநாள் மலைக்குக் கிளம்பாதீர்கள். அருங்காட்சியகம் பாருங்கள், கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். இரண்டாம் நாள் படியிறங்கக் கஷ்டமாக இருந்தால், திட்டத்தில் இருக்கும் பெரிய மலையை எடுத்துவிட்டு ரொண்ட்வாஸ்பு மாதிரி ஓரிடத்தை வையுங்கள். நார்வேக்காரர்களின் மலை விதிகள் ஒன்பதில் எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்கிறது. அவர்கள் உண்மையாகவே அப்படித் திரும்புகிறார்கள், உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போதுகூட.

சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். நீண்ட நடைக்குப் பிறகு பல மணி நேரம், சில சமயம் மறுநாள் விடியற்காலை வரைகூட, சர்க்கரை இறங்கலாம். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு.

நார்வே உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக வாங்கும் காப்பீட்டில் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவு அடங்கியிருக்கும். அது விசா கிடைக்கப் போதும். மலைநடை அதில் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை, பழைய முழங்கால் பிரச்சினை விலக்கப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ அவசரத்துக்கு நார்வேயில் எண் 113, ஆங்கிலத்தில் பேசலாம். Hjelp 113 என்ற செயலியை இறக்கிக்கொண்டால் அழைக்கும்போது நீங்கள் நிற்கும் இடமும் அவர்களுக்குப் போய்விடும். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகள் நிறைய உண்டு. எனவே எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியில் இருப்பவர்களிடம் காலையிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.