சிமெண்ட் இல்லாத சுவர் ஒரு மலையவே எப்படி புடிச்சு நிக்குது?

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துல இருந்து இத்தாலி போற நம்மாளுங்க சிங்க்வே தெர்ரேங்கிற அஞ்சு கடலோர ஊருக்கு போனா கலர் கலர் வீடு, கடல், ஒரு செல்ஃபின்னு முடிச்சுட்டு வந்துடாதீங்க. மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னில்யா, மனரோலா, ரியோமஜோரே, இந்த அஞ்சு ஊருமே செங்குத்தான கடலோர மலையில ஒட்டிக்கிட்டு இருக்கு, ஊருக்கு மேல படிப்படியா திராட்சைத் தோட்டம், அந்த மண்ணை தாங்குறது வெறும் கல்லை அடுக்கி கட்டுன சுவர். எனக்கு அங்க பெரிய அதிசயமே அதுதான்.

மழை பெஞ்சா சுவருக்குப் பின்னாடி தண்ணி தேங்கும், அதுதான் எமன். தேங்குற உயரம் ரெண்டு மடங்கானா சுவர் மேல விழுற மொத்த தள்ளு நாலு மடங்காயிடும், போதாக்குறைக்கு ஈரம் ஏறுன மண்ணும் பிடிப்பு விட்டுடும். நம்ம வத்தல்மலை மாதிரி மலை ரோட்டுல கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்டுனா தண்ணி வடிய வரிசையா பைப் ஓட்டை விடுறது இதுக்குத்தான். கல் அடுக்குச் சுவருக்கு அந்த ஓட்டையே தேவையில்ல, ஒவ்வொரு இடுக்கும் ஒரு வடிகால்தான்.

ஆனா சும்மா அடுக்கிட முடியாது. அடியில பெரிய கல்லு, மேல வர்ற கல் கீழ இருக்கிற ரெண்டு கல்லோட இணைப்பு மேல உக்காரணும், நடுநடுவுல நீளமான கல்லை மலைக்குள்ள போற மாதிரி குறுக்க சொருகணும், பின்னாடி சின்னக் கல்லா போட்டு நிரப்பணும், அப்பதான் தண்ணி வரும் மண்ணு வராது. சுவரும் லேசா மலைப் பக்கம் சாஞ்சிருக்கணும். கல்லோட கனமும் உரசலும்தான் பிடிமானம், ஒரு கல்லு கொஞ்சம் நகர்ந்தாலும் பக்கத்து கல்லு அதுக்கேத்த மாதிரி உக்காந்துக்கும், கான்கிரீட்னா விரிசல் விட்டிருக்கும்.

ஆள் பார்த்துக்கலன்னா மட்டும் சுவர் வயிறு தள்ளி ஒரு நாள் சரிஞ்சிடும். 2011 அக்டோபர் 25 பேய் மழையில வெர்னாட்ஸா, மொந்தெரோஸ்ஸோ தெருவெல்லாம் சேறும் கல்லுமா நிரம்பி உயிர்ச்சேதமும் ஆச்சு. அப்புறம் ஆராய்ச்சி பண்ணப்போ, பயிர் வைக்காம விட்டு கொஞ்ச காலமே ஆன படிக்கட்டு நிலம்தான் சரியறதுக்கு ரொம்ப தோதா இருந்துச்சுன்னு தெரிஞ்சுது, பயிர் இருந்த இடத்துல சரிஞ்சாலும் சின்னதாத்தான் சரிஞ்சுது. கைவிட்ட நிலத்துல சுவரை எடுத்துக் கட்ட ஆளும் இல்ல, மண்ணைப் புடிக்கிற அளவுக்கு மரமும் இன்னும் வளரல, ரெண்டுங்கெட்டான் நிலைமை.

யுனெஸ்கோ 1997லயே இந்த இடத்தை உலக பாரம்பரிய பட்டியல்ல சேர்த்துடுச்சு, இத்தாலி உட்பட சில ஐரோப்பிய நாடுகளோட கல் அடுக்குற கலைக்கு 2018ல தனி அங்கீகாரம் கிடைச்சுது, கட்டுறவங்களுக்கு கிடைச்ச மரியாதையாவே அதை பார்க்கறேன்.

மொந்தெரோஸ்ஸோல இருந்து வெர்னாட்ஸாவுக்கு நடக்கிற பாதையில இந்த சுவரை கிட்டக்க பார்க்கலாம், தயவுசெஞ்சு அது மேல மட்டும் ஏறாதீங்க. மழை எச்சரிக்கை வந்தா பாதையை மூடிடுவாங்க, அன்னைக்கு ரயில் புடிச்சுக்குங்க, அஞ்சு ஊருக்கும் ஸ்டேஷன் இருக்கு.