ரிசீவர்: எந்தப் பாகம் சட்டப்படி துப்பாக்கி?

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் ‘ரிசீவர்’ என்ற சொல்லைத் தமிழில் ‘துப்பாக்கி உதிரிபாகம்’ என்று எழுதிவிட்டால் செய்தியின் பொருளே தலைகீழாகிவிடும். குழல், கட்டை, விசை, மேகசின் போன்றவைதாம் அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் உதிரிபாகங்கள். அவற்றை விற்க உரிமம் தேவையில்லை, அவற்றில் வரிசை எண் பொறிக்கவும் தேவையில்லை. சுடும் உறுப்புகளைத் தாங்கும் கூடான ரிசீவரோ அச்சட்டத்தின்படி தானே ஒரு துப்பாக்கி. குழலும் விசையும் பொருத்தப்படாத வெறும் உலோகக் கூடாக இருந்தாலும், அதை விற்பனைக்கெனச் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும், வரிசை எண் பொறிக்க வேண்டும், அதை விற்கும் உரிமதாரர் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும்.

பெறுதல், ஏற்றுக்கொள்ளுதல் என்று பொருள்படும் ஆங்கில வினையிலிருந்து பிறந்த பெயர் இது. அந்த வினை பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. குழலின் பின்முனையை உள்வாங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும் பாகம் என்பதால் இப்பெயர் அமைந்தது. பிரிட்டனில் இதே பாகத்தை ‘பாடி’, அதாவது உடல், என்று சொல்லும் வழக்கம் உண்டு. 2017-இல் அங்கு நிறைவேறிய காவல் மற்றும் குற்றச் சட்டம் துப்பாக்கியின் கட்டுப்படுத்தப்பட்ட உறுப்புகளை வரையறுக்கும்போது சட்டகம் (ஃபிரேம்), உடல், ரிசீவர் ஆகிய மூன்றையும் ஒன்றாக அடுக்குகிறது.

தமிழ் வாசகருக்கு ரிசீவர் என்றதும் தொலைபேசியின் காதுக்குழல் நினைவுக்கு வரும். வழக்காடுமன்றப் பழக்கம் உள்ளவருக்குத் தகராறில் உள்ள சொத்தைப் பராமரிக்க நீதிமன்றம் அமர்த்தும் அலுவலர் நினைவுக்கு வருவார். ‘பெறுநர்’ கடிதத்துக்கு உரியது, ‘ஏற்பி’யை உயிரியல் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே வினையை அப்படியே தமிழாக்கிப் பயனில்லை. அந்தப் பாகம் செய்யும் வேலையிலிருந்தும், சட்டம் அதற்குத் தரும் வரையறையிலிருந்தும் சொல்லைத் தேட வேண்டும்.

1938-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் துப்பாக்கி என்றே கொண்டது. ஒவ்வொரு திருகாணியையும் சுருள்வில்லையும் கட்டுப்படுத்துவது நடைமுறைக்கு ஒத்துவராததால், 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த வரையறையைச் சுருக்கியது. வெடிபொருளின் விசையால் எறிபொருளைச் செலுத்துகின்ற, செலுத்துவதற்கென வடிவமைக்கப்பட்ட, அல்லது செலுத்தும்படி விரைந்து மாற்றக்கூடிய ஆயுதம் என்பது அதன் முதல் கூறு. அத்தகைய ஆயுதத்தின் ‘சட்டகம் அல்லது ரிசீவர்’ என்பது இரண்டாம் கூறு. ‘விரைந்து மாற்றக்கூடிய’ என்ற தொடர் முதல் கூறில் இருக்கிறது, இரண்டாம் கூறில் இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் எழுந்த பெரிய வழக்கு இந்த இடைவெளியில்தான் முளைத்தது.

ரிசீவர் எது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சிப் பணியகமான ஏ.டி.எஃப்., குதிரை (விசையை இழுத்ததும் பாய்ந்து தோட்டாவை வெடிக்கவைக்கும் உறுப்பு), பின்னடைப்பு (குழலின் பின்வாயை அடைக்கும் உறுப்பு), சுடும் பொறியமைப்பு ஆகியவற்றுக்குக் கூடாக அமைந்து, பெரும்பாலும் முன்புறத்தில் குழலைப் பொருத்தத் திருகுமறை இடப்பட்ட பாகம் என்று தன் விதிகளில் விளக்கியது. ஏ.ஆர்.15 வகை நீள்துப்பாக்கியில் இந்த விளக்கம் தடுமாறியது. அதன் கூடு மேல், கீழ் என இரண்டாகப் பிரிந்தது. குதிரையும் விசையும் கீழ்க்கூட்டில் இருக்க, பின்னடைப்பும் குழல் பொருந்தும் வாயும் மேற்கூட்டில் இருக்கின்றன. பணியகம் கீழ்க்கூட்டையே ரிசீவராகக் கொண்டுவந்தது. வரையறையில் சொன்ன எல்லாம் ஒரே பாகத்தில் இல்லையே என்று குற்றஞ்சாட்டப்பட்டோர் வாதாட, கலிபோர்னியாவிலும் ஒஹாயோவிலும் சில மாவட்ட நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன.

2022 ஏப்ரலில் வெளியாகி ஆகஸ்டு 24-இல் நடைமுறைக்கு வந்த புதிய விதி இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. கைத்துப்பாக்கியில், சுடும்வரை குதிரையைத் தடுத்துப் பிடித்திருக்கும் உறுப்புக்குக் கூடாக இருக்கும் பாகம் சட்டகம். நீள்துப்பாக்கியில், பின்வாயை அடைக்கும் பின்னடைப்புக்குக் கூடாக இருக்கும் பாகம் ரிசீவர். ஏ.ஆர்.15-இன் கீழ்க்கூடு முன்பு வகைப்படுத்தப்பட்டபடியே ரிசீவராகத் தொடரும் என்றும் அந்த விதி தனியே சொன்னது. இதனால்தான் ‘விசைக்கூடு’ என்ற சொல் முதலில் பொருத்தமாகத் தோன்றினாலும் போதாது. நீள்துப்பாக்கியின் வரையறை விசையைச் சார்ந்தே இல்லை. எல்லா வரையறைகளுக்கும் பொதுவாக நிற்பது, சுடும் இயக்கத்தின் இன்றியமையாத ஓர் உறுப்பைத் தனக்குள் தாங்கும் கூடு என்ற கருத்து. எனவே ரிசீவருக்கு ‘இயக்கக்கூடு’ என்பதையும், கைத்துப்பாக்கிக்கு ‘சட்டகம்’ என்பதையும் ஆள்வதே சரி என்பது என் துணிபு. துப்பாக்கி என்ற பெயரையே துருக்கிய மூலத்திலிருந்து பெற்றுக்கொண்ட தமிழ், அதன் உறுப்புக்குக் குதிரை என்று தானே பெயர் சூட்டிக்கொண்டது. கூடு என்பதும் அதே வழியில் இயல்பாக ஒட்டும்.

இனி, முடிவுறாத இயக்கக்கூட்டின் நிலை. பொறியமைப்பு அமரவேண்டிய குழி வெட்டப்படாமலும் துளைகள் இடப்படாமலும் விற்கப்படும் கூடுகளை வணிகத்தில் ‘80 சதவீதக் கூடு’ என்பார்கள். இந்த 80 எந்தச் சட்டத்திலும் இல்லை. பணியகமும் அதை அளவுகோலாகக் கொள்ளவில்லை. முடிவுறாத கூடு துப்பாக்கி ஆகாது என்ற நம்பிக்கையில், எஞ்சிய பாகங்களோடு சேர்த்து அவை பெட்டிகளாக விற்கப்பட்டன. வாங்குபவர் யார் என்று எவரும் சரிபார்க்கவில்லை, வரிசை எண்ணும் இல்லை. குற்றங்களில் சிக்கி, தடமறிய அனுப்பப்பட்ட இத்தகைய துப்பாக்கிகள் 2017-இல் சுமார் 1,600 ஆக இருந்து 2021-இல் 19,000-ஐத் தாண்டின. ‘கோஸ்ட் கன்’ என்ற பெயர் இவற்றுக்குத்தான். ‘பேய்த் துப்பாக்கி’ என்பது அச்சத்தை மட்டுமே சொல்லும், ‘தடமற்ற துப்பாக்கி’ என்பது செய்தியைச் சொல்லும்.

2022 விதி, விரைந்து முடிக்கக்கூடிய நிலையில் உள்ள முழுமையடையாத கூட்டையும் இயக்கக்கூடு என்றே கொண்டது. ‘விரைந்து’ என்பதை அளக்க நேரம், எளிமை, தேவைப்படும் திறமை, கருவிகள், மற்றப் பாகங்கள் கிடைக்கும் வாய்ப்பு, செலவு முதலியவற்றைப் பார்க்கச் சொன்னது. ஆகவே ‘ரெடிலி’ (readily) என்ற மூலச்சொல்லை ‘எளிதில்’ என்று மட்டும் பெயர்த்தால் காலம் விடுபடும், ‘உடனே’ என்றால் திறமையும் கருவியும் விடுபடும். ‘விரைவாகவும் எளிதாகவும்’ என்று இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். மறுபுறம், ஆயுதத்தின் பாகம் என்று தெளிவாக அடையாளம் காணும் நிலையை இன்னும் எட்டாத உலோகக் கட்டியையும் திரவ நிலையில் உள்ள பாலிமரையும் விதி விலக்கிவைத்தது.

டெக்சாஸ் மாவட்ட நீதிமன்றம் 2023-இல் இவ்விதியை ரத்து செய்தது. ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் இரண்டாம் கூறில் ‘விரைந்து மாற்றக்கூடிய’ என்பது இல்லாததைச் சுட்டி, விதி செல்லாது என்றது. 2025 மார்ச் 26-இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. நீதிபதிகள் தாமஸும் அலிட்டோவும் மாறுபட்டனர். தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச் சொல்லின் பொருளையே ஆராய்ந்தார். மனிதர் ஒரு பயனுக்காகச் செய்யும் பொருளின் பெயர், அப்பொருள் முடிவுறும் முன்பே அதற்கு வழங்கும்: எழுத்தாளர் முடிக்காத கையெழுத்துப் படியையும் நாவல் என்கிறார், ஐகியா கடையிலிருந்து பலகைகளாகக் கட்டிக் கொண்டுவந்ததையும் மேசை என்கிறோம். வழக்கில் காட்டப்பட்ட பாலிமர்80 நிறுவனத்தின் பெட்டியிலிருந்து ஒருவர் 21 நிமிடங்களில் சுடக்கூடிய கைத்துப்பாக்கியைச் சேர்த்துவிட்டார். அதன் சட்டகமும் முடிவை மிக நெருங்கி நின்றது. எல்லாப் பெட்டிகளும் எல்லா அரைகுறைக் கூடுகளும் துப்பாக்கிதான் என்று தீர்ப்பு சொல்லவில்லை; விதி அடியோடு செல்லாதது அல்ல என்று மட்டுமே சொல்லி, நடுநிலையில் நிற்கும் பொருள்களைத் தனித்தனி வழக்குகளுக்கு விட்டது. என் பார்வையில் இந்த அடக்கம் தீர்ப்பின் வலிமை. முழுமையின்மை என்பது படிப்படியாக அமைவது, ஒரே கோட்டில் வெட்டிப் பிரிக்கக்கூடியது அல்ல.

இந்திய வாசகர் இதைப் படிக்கையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதற்குள் அதன் பாகங்களையும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும்கூடச் சேர்த்திருக்கிறது. ஆகையால் எந்தப் பாகம் துப்பாக்கி என்ற அமெரிக்கக் கேள்வி அதே வடிவில் இங்கு எழுவதில்லை. இந்தியச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது ‘பாகங்கள்’ என்ற பொதுச்சொல்லே பொருந்தும், அமெரிக்கச் சட்டத்தைப் பற்றி எழுதும்போதுதான் ‘இயக்கக்கூடு’, ‘சட்டகம்’ என்று பிரித்து எழுதுவது கட்டாயமாகிறது.