கத்தி காத்திருக்கலாம், மாத்திரை காத்திருக்காது

பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஆணா, பெண்ணா? உறுப்பைப் பார்த்துச் சொல்ல முடியாத குழந்தையைச் சீக்கிரமே அறுவை செய்து ஏதோ ஒரு பக்கம் சேர்த்துவிடுவது மருத்துவத்தின் நெடுநாள் வழக்கம். ஊடுபால், இடைப்பால் என்று நாம் சொல்லும் இந்தக் குழந்தைகளுக்கு அப்படிச் செய்யத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை இருக்கிறது.

பெண்ணுக்குரிய எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் உள்ள குழந்தையிடம் இதற்குப் பெரும்பாலும் காரணம் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிதான். 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி குறைந்தால் அது சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் போதிய அளவு உருவாகாது. ‘இன்னும் சுர’ என்று மூளை முடுக்க, தேங்கிய மூலப்பொருள் ஆண் ஹார்மோனாகத் திரும்பிவிடுகிறது. கருவிலேயே பெண் உறுப்பின் உணர்வு மொட்டான கிளிட்டோரிஸ் பருத்துவிடும். பழுதான மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்தக் குறை வரும் என்பதால், சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல்.

இதில் ஆளைக் கொல்வது உறுப்பின் தோற்றமல்ல, உப்பிழப்பு. பலருக்கு உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோனும் குறையும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் குழந்தை வாந்தி எடுக்கும், எடை இறங்கும், துவண்டு கிடக்கும். வீட்டில் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். ரத்தத்திலோ சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறியிருக்கும். தேங்கிய மூலப்பொருளான 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோனின் அளவு நோயைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பிறந்த முதல் இரண்டு நாளில் நல்ல குழந்தைக்கும் அது கூடுதலாக இருக்கும் என்பதால் அதன்பின் ரத்தம் எடுப்பதே நல்லது. ஆண் குழந்தைக்கும் இதே குறை வரும். வெளியே அடையாளம் தெரியாததால் கண்டுகொள்ளாமல் விட்டுப்போவது பெரும்பாலும் அவர்களைத்தான்.

மருந்து ஹைட்ரோகார்டிசோன், ஃபுளூட்ரோகார்டிசோன். கைக்குழந்தைக்குக் கூடவே உப்பும். வளரும் பிள்ளைக்கு ஹைட்ரோகார்டிசோன் வழக்கமாக உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து. காய்ச்சல் வந்தால் இரண்டு, மூன்று மடங்கு. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான். எக்காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது.

கத்திக்கு இந்த அவசரம் கிடையாது. கிளிட்டோரிஸை வெட்டிக் குறைத்தால் உணர்வு நரம்பு போகலாம்; சின்ன வயதில் அமைத்த யோனி தழும்பில் சுருங்கி, பருவத்தில் மறுபடி அறுவை மேசையில் ஏற வேண்டிவரும். சிறுநீர் போக வழியில்லை என்றால் கதை வேறு. அது உயிர்ப் பிரச்சினை.

‘சீக்கிரம் வெட்டு, யாருக்கும் சொல்லாதே’ என்ற முறை 1950-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உளவியலாளர் ஜான் மணி குழுவினரின் கருத்துகளிலிருந்து பரவியது. வெட்டுப்பட்ட குழந்தைகள் வளர்ந்து வாய் திறந்தார்கள். 1993-இல் அமெரிக்காவில் செரில் சேஸ் ஊடுபாலினருக்கென ஒரு சங்கம் தொடங்கினார். 1996 அக்டோபர் 26 அன்று பாஸ்டனில் குழந்தை மருத்துவர்களின் மாநாட்டுக்கு வெளியே போராடினார்கள். அந்த நாள்தான் இன்று ஊடுபால் விழிப்புணர்வு நாள். 2015-இல் ஐரோப்பிய நாடான மால்டா இந்த அறுவைகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

நம் பக்கம் அந்தத் தடை வந்த வழி விசித்திரமானது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதியவில்லை என்று தொடங்கிய வழக்கு. 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதமாகாது என்று சொல்லி, இந்த அறுவைகளையும் அதே தீர்ப்பில் தடுத்தார். ஆகஸ்டில் அரசாணை 355 வந்தது. உயிருக்கு ஆபத்தா என்பதை இனி ஒரே மருத்துவர் முடிவுசெய்ய முடியாது, குழு பார்க்க வேண்டும். டெல்லி போட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ ஊடுபாலினரை, பிறப்பில் குறித்த பாலோடு ஒத்துப்போகாதவர்களுக்கான ‘திருநர்’ என்ற வரையறைக்குள்ளேயே போட்டுக் குழப்பியது. ஊடுபாலில் பிறந்தவர்களில் பலர் தங்களை ஆணாகவோ பெண்ணாகவோதான் உணர்கிறார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அரசாணை கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையோடு நின்றுவிடும். மார்த்தாண்டம், குழித்துறைக்காரர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் ஆசாரிப்பள்ளத்தைப் போலவே திருவனந்தபுரமும் கைக்கெட்டும் தூரம்தான். அங்கே 2023 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், இதே அட்ரீனல் குறையுள்ள குழந்தைக்குப் பெற்றோர் கேட்ட அறுவைக்கு அனுமதி தராமல், பல்துறை நிபுணர் குழு பார்க்கட்டும் என்றது. எந்தப் பக்கம் போனாலும் ‘வெட்டாவிட்டால் உயிருக்கு என்ன ஆபத்து?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பெயருக்கும் அவசரமில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பெயரில்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.