தள்ளுபடிய பாக்காதீங்க, ஒரு மாத்திரை என்ன விலைனு பாருங்க

சுகர், பிரஷர்னு மாசாமாசம் மாத்திரை வாங்குறவங்கள பார்மசிஸ்டா தினமும் பாக்குறேன், முக்காவாசி பேர் கேக்குறது "எத்தன பர்சன்ட் கழிப்பீங்க"ங்கிறதுதான். கழிக்கிறது எம்ஆர்பிலருந்து, அந்த எம்ஆர்பியே கம்பெனிக்கு கம்பெனி மாறும். ஒரு ஜெனரிக் (பேட்டன்ட், அதாவது ஒரே கம்பெனி மட்டும் விக்கிற உரிமை, முடிஞ்சு பல கம்பெனி செய்யுற மருந்து) அட்டையில 100 ரூபானு அடிச்சிருக்கு, 60 பர்சன்ட் கழிச்சு 40க்கு தர்றாங்கனு வச்சுக்குங்க, அதே மருந்து வேற கம்பெனில தள்ளுபடியே இல்லாம 25 ரூபாய்க்கு இருக்கலாம். அப்புறம் ஒரு அட்டையில 10 மாத்திரை இருக்கும், இன்னொண்ணுல 15 இருக்கும், அட்டை விலைய வச்சு பாத்தா கணக்கு தப்பாயிடும், ஒரு மாத்திரைக்கு எவ்ளோனு வகுத்துப் பாருங்க.

ஒப்பிடுறப்போ பிராண்ட் பேர விட்டுட்டு மருந்து பேர பாருங்க, 2018லருந்து அட்டையில அதத்தான் பெருசா போடணும்னு ரூல். மில்லிகிராமும் ஒண்ணா இருக்கணும். சுகருக்கு குடுக்குற மெட்ஃபார்மின் 500 வேற, மெட்ஃபார்மின் எஸ்ஆர் 500 வேற, எஸ்ஆர்னா மெதுவா கரையுறது. பிரஷருக்கு குடுக்குற டெல்மிசார்டன் 40 வேற, டெல்மிசார்டன் எச் வேற, எச் போட்டதுல நீர் பிரியுற மருந்து ஒண்ணு சேந்திருக்கும். இதக் கவனிக்காம விலை கம்மினு மாத்திடாதீங்க, ப்ளீஸ்.

டாக்டர் எழுதுன பழைய சீட்டையே வருஷக்கணக்கா கொண்டு வர்றவங்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். எம்பாகிளிஃப்ளோசின்னு ஒரு சுகர் மாத்திரை, ஒண்ணு 60 ரூபாய்கிட்ட வித்துச்சு, 2025 மார்ச்ல பேட்டன்ட் முடிஞ்சதும் நிறைய கம்பெனி இறங்கி பத்து ரூபாய்க்கும் கீழ கூட வந்துடுச்சு. ஆனா சீட்டுல பழைய பிராண்ட் பேர்தான் இருக்கும், நாங்களா மாத்திக் குடுக்க சட்டத்துல எடமில்ல, எழுதுன பிராண்டத்தான் குடுக்கணும். அதனால அடுத்த தடவ டாக்டர்கிட்ட "மருந்து பேர்லயே எழுதிக் குடுங்க சார், விலை கம்மியா வாங்கிக்கிறேன்"னு தைரியமா கேளுங்க, இதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல. அப்படி எழுதி வாங்கிட்டீங்கன்னா மத்திய அரசோட மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரில தமிழ்நாட்டுல தொறந்த முதல்வர் மருந்தகம், ரெண்டுலயும் விசாரிக்கலாம், எல்லா மருந்தும் எல்லா நாளும் ஸ்டாக் இருக்காது, போன் பண்ணிட்டு போங்க. கடை விலை சரியானு பாக்க அரசாங்கத்தோட பார்மா சஹி தாம் ஆப்பும் இருக்கு.

விலை கம்மினா தரம் கம்மினு பயப்படுறவங்களுக்கு: பெரிய கம்பெனி பிராண்ட் பலதும் வேற ஃபேக்டரில செஞ்சு பேர் ஒட்டுறதுதான், விலையில ஒரு பங்கு விளம்பரத்துக்கும் கமிஷனுக்கும் போகுது, அதனால விலைய மட்டும் வச்சு தரத்த சொல்ல முடியாது.

ஆனா தைராய்டுக்கு தைராக்ஸின், வலிப்புக்கு ஃபெனிடாயின், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், இந்த மூணையும் விலைய பாத்து நீங்களா கம்பெனி மாத்தாதீங்க. ரத்தத்துல அளவு கொஞ்சம் கூடக்கொறைய ஆனாலே சிக்கல். மாத்தியே ஆகணும்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்துங்க, தைராக்ஸின்னா மாத்துனதுலருந்து 6 முதல் 8 வாரத்துல ஒரு டிஎஸ்எச் டெஸ்ட் (தைராய்டு ரத்த டெஸ்ட்) எடுத்துக் காட்டுங்க.