குடலிலிருந்து மூளைக்கு ஒரு நரம்பு

மனச்சோர்வுக்குக் குடலில் வாழும் பாக்டீரியா காரணமாக இருக்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். காரணம் என்று உறுதியாகச் சொல்ல இன்றுள்ள சான்றுகள் போதாது. ஆனால், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை இனி மறுக்கவும் இயலாது.

நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது என்பதைப் படித்தவர்கள், அது நேரே மூளைக்குப் போய்ச் சேர்வதாக எண்ணிவிடுகிறார்கள். குடல் செரட்டோனின், மூளையைக் காக்கும் இரத்தத் தடுப்பைக் கடப்பதில்லை. அப்படியானால் சேதி எப்படிப் போகிறது?

மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் இறங்கும் வேகஸ் நரம்பே முக்கியமான வழி. மூளை உறுப்புகளுக்கு ஆணையிடும் பாதை என்றே இதைப் பலர் அறிந்திருப்பார்கள். உண்மையில் இதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உறுப்புகளின் நிலையை மூளைக்கு அறிவிப்பவை. 2011இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் வகை பாக்டீரியா ஒன்றை எலிகளுக்கு ஊட்டினார்கள். அந்த எலிகளிடம் பதற்றம் குறைந்தது, மன அழுத்த ஹார்மோன் குறைவாகச் சுரந்தது, மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளை ஏற்கும் ஏற்பிகளின் அளவும் மாறியது. பிறகு வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளுக்கு அதே பாக்டீரியாவைக் கொடுத்தபோது இந்த மாற்றங்கள் தோன்றவில்லை. ஒரேயொரு நரம்பை வெட்டி, சேதி போகும் வழியைக் காட்டிவிட்ட இந்தச் சோதனையின் எளிமை இன்றும் என்னை வியக்கவைக்கிறது.

பாக்டீரியா இருக்கும் குடலின் உட்குழிவுக்குள் நரம்பு முனைகள் நீள்வதில்லை. இடையே நிற்பவை குடல் உட்சுவரின் உணர் செல்கள். பாக்டீரியா உண்டாக்கும் பொருள்கள் படும்போது இவற்றில் சில செரட்டோனினை வெளியிட, அருகிலுள்ள வேகஸ் முனைகள் தூண்டப்படுகின்றன. மூளைக்குள் நுழையாத செரட்டோனின் இப்படித்தான் மூளைக்குச் சேதி சொல்கிறது. இந்த உணர் செல்களில் சில வேகஸ் நரம்போடு நேரடி இணைப்பே வைத்திருப்பதையும், சேதி மில்லி நொடிகளில் கடத்தப்படுவதையும் 2018இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வழியாகவும், நார்ச்சத்தைப் பாக்டீரியா நொதிக்கச் செய்வதால் கிடைக்கும் கொழுப்பு அமிலங்களின் வழியாகவும் வேறு பாதைகள் உண்டு.

மனிதர்களிடம் நிலைமை இத்தனை தெளிவாக இல்லை. பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உடையவர்களிடம் காப்ரோகாக்கஸ், டையலிஸ்டர் ஆகிய இரண்டு வகைகள் குறைந்திருந்தன. ஆனால் மனச்சோர்வு பசியையும் உறக்கத்தையும் கெடுக்கும்; உணவு மாறினால் பாக்டீரியாவும் மாறும்; ஆகவே எது முதலில் வந்தது என்பதை இத்தகைய ஆய்வு சொல்லாது. கார்க் எலிகளை அமைதிப்படுத்திய அதே பாக்டீரியா, நலமாக உள்ள ஆண்களிடம் சோதிக்கப்பட்டபோது பலன் தரவில்லை என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. இந்நிலையில் மனச்சோர்வைத் தீர்க்கும் என்று புரோபயாட்டிக் மாத்திரைகளை, அதாவது நன்மை தரும் பாக்டீரியா அடங்கிய மாத்திரைகளை, விற்பதும், அதை நம்பி ஒருவர் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவதும் எனக்கு மிகுந்த கவலை தருகின்றன.

தேவைப்படுவது, நலமாக உள்ளவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, மனச்சோர்வு தொடங்கும் முன்பே குடல் பாக்டீரியா மாறுகிறதா என்று பார்க்கும் ஆய்வு. மெதுவாக நடக்கும், செலவும் பிடிக்கும் இந்த வேலையை மாத்திரை விற்பவர்களின் பணத்தில் நடத்தக் கூடாது. அரசுகளின் ஆராய்ச்சி நிதியே ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.